மாமன் போட்ட மனுவும் மகளின் கல்யாணத் தேதியும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன், கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறேன்.

"கூடப்பிறந்த அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். எனக்காக 2007 பிப்ரவரி 12-ல் மனுப் போட்டார், 2010 ஆகஸ்ட் 30-ல் அப்ரூவல் வந்தது. அதோடு நாங்கள் மறந்தே போனோம். இப்போது தேதி நெருங்குகிறது, காகிதங்களைத் தயார் பண்ணு என்கிறார். எனக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. 1976-ல் உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவள். 2000-ல் திருப்பரங்குன்றம் கோயிலில் கல்யாணம், பதிவு பண்ணவில்லை. வீட்டுக்காரர் 2003 முதல் 2007 வரை சிங்கப்பூரில் இருந்தவர், இப்போது இங்கே ஹார்டுவேர் கடை. மகள் 2002 ஆகஸ்ட் 10-ல் பிறந்தவள், பி.இ. முடித்து வேலைக்குப் போகிறாள். மகன் பிளஸ் டூ. மகளுக்கு விருதுநகரிலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது, 2027 தையில் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். மதுரையில் ஒரு ஏஜெண்ட் நாலு பேருக்கும் சேர்த்து ஆறு லட்சம் கேட்கிறார். கல்யாணத்தை முடித்துவிட்டுப் பதிவு பண்ணாமல் விட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். 2016-ல் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போக விசிட்டர் விசா கேட்டோம், சென்னையில் மறுத்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?"

அக்கா, முதலில் அந்த ஆறு லட்சத்தைப் பத்திரமாக வையுங்கள். மற்றதைப் பேசுவோம்.

நான் மதுரையில் வக்கீல். இந்த மாதிரி குடும்ப விசாக்களுக்கு இந்தப் பக்கத்துக் காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலையில் பாதி. அமெரிக்கச் சட்டத்துக்கு முடிவான பதில் சொல்ல வேண்டியவர் அங்கே உரிமம் பெற்ற வக்கீல், அதாவது அட்டர்னிதான், நான் அல்ல, ஏஜெண்டும் அல்ல. உங்கள் கேஸில் ஒரு இடத்தில் அட்டர்னி கட்டாயம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது காகிதத்தைப் பற்றி. ஆனால் காகிதத்துக்கு முன்னால் மகளின் தேதிக் கணக்கைப் போட வேண்டும். அதைப் போடாமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்கள் அண்ணன் போட்டது ஐ-130 என்ற மனு, பிரிவு எஃப்4. அமெரிக்கக் குடிமகன் தன் உடன்பிறப்புக்குப் போடுவது. உலகம் முழுக்க இந்தப் பிரிவுக்கு வருடத்துக்கு 65,000 விசாதான், அதிலும் ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கிறது. அதனால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு இது இருபது வருட வரிசையாகிவிட்டது. வரிசையில் உங்கள் இடம் மனுப் போட்ட தேதி, அதாவது 2007 பிப்ரவரி 12. மாதாமாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்று ஒன்று வெளியிடும், பெரும்பாலும் முந்தைய மாதத்தின் நடுவிலேயே வந்துவிடும். அதில் இந்தியாவுக்கு நேரே இருக்கும் தேதி உங்கள் தேதியைத் தாண்டினால் உங்களுக்கு 'கரண்ட்'. 2025 கடைசி வரைக்கும் அந்தத் தேதி 2006-ஐத் தாண்டவில்லை. அண்ணன் நெருங்குகிறது என்று சொன்னது உண்மைதான், ஆனால் இன்னும் வரவில்லை. புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருக்கும், குழம்பிவிடாதீர்கள். ஒன்று காகிதம் வாங்கத் தொடங்கும் தேதி, இன்னொன்று விசா கொடுக்கும் தேதி, இதைத்தான் ஃபைனல் ஆக்‌ஷன் டேட் என்கிறார்கள். மகளின் வயதுக்கு இரண்டாவதுதான் கணக்கு. வாட்ஸ்அப்பில் "கரண்ட் ஆகிவிட்டது" என்று யாராவது அனுப்பினால் எந்த அட்டவணை என்று கேளுங்கள்.

இனி மகள். உங்களோடு சேர்ந்து வரும் பிள்ளை 21 வயதுக்குள், கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 2023 ஆகஸ்டிலேயே 21 முடிந்துவிட்டது. இதைக் கேட்டதும் பலபேர் "அப்ப அவளை விட்டுட வேண்டியதுதான்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 2002-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது, சி.எஸ்.பி.ஏ. என்பார்கள். மனு அவர்கள் அலுவலகத்தில் முடிவெடுக்காமல் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உங்கள் மனு 2007 பிப்ரவரி 12 முதல் 2010 ஆகஸ்ட் 30 வரை கிடந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 1295 நாள். மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் கூட. அன்றைக்கு "ஏன் இப்படி இழுக்கிறான்" என்று திட்டியிருப்பீர்கள், அந்த இழுவைதான் இன்றைக்கு மகளுக்குக் கைகொடுக்கிறது.

கணக்கு இப்படி வரும். அவளுக்கு 21 முடிந்தது 2023 ஆகஸ்ட் 10. அதிலிருந்து 1295 நாள் தள்ளினால் 2027 பிப்ரவரி 25. உங்கள் தேதி எந்த மாதத்தில் கரண்ட் ஆகிறதோ அந்த மாதத்தின் 1-ஆம் தேதியைத்தான் எடுப்பார்கள் என்பதால், 2027 பிப்ரவரி மாதப் புல்லட்டினுக்குள் உங்கள் தேதி வந்துவிட்டால் மகள் உள்ளே, மார்ச் புல்லட்டினில் வந்தால் வெளியே. ஒரே மாதத்து வித்தியாசம். வருமா வராதா என்று என்னிடம் கேட்காதீர்கள், அந்த அட்டவணை சில மாதம் ஓடும், சில மாதம் அப்படியே நிற்கும், பின்னால் நகர்ந்த காலமும் உண்டு. தேதி சொல்லிப் பணம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. கரண்ட் ஆன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவளுக்காக விசா விண்ணப்பத்தைப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் கழிவு கிடைக்காது. ஒரு வருடம் இருக்கிறதே என்று இருக்காதீர்கள், அந்த வாரமே போட்டுவிடுங்கள்.

என் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அப்ரூவல் நோட்டீஸில் இருக்கும் இரண்டு தேதியையும் அண்ணனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அட்டர்னியிடம் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொன்ன தேதியில் பத்து நாள் பிசகினால்கூட அந்த ஒரு மாதம் கையை விட்டுப் போகும்.

இப்போது கல்யாணம். கரண்ட் ஆனதும் வயது கணக்கில் உறைந்துவிட்டாலும் 'கல்யாணம் ஆகாதவர்' என்ற நிபந்தனை உறையாது. விசா கையில் இருந்தாலும், விமானத்தில் ஏறும் முன் தாலி ஏறினால் அந்த விசா செல்லாது. அமெரிக்க மண்ணில் இறங்கி உள்ளே விடும்வரை அவள் கன்னிப்பெண்ணாகவே இருக்க வேண்டும். ஏஜெண்ட் சொன்ன 'பதிவு பண்ணாமல் வைத்துக்கொள்ளலாம்' யோசனை மகா மோசமானது. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடந்தால் கல்யாணம் ஆயிற்று, பதிவு என்பது அதற்கு ஒரு சாட்சி மட்டும்தான். நீங்களே 2000-லிருந்து பதிவு இல்லாமல் குடும்பம் நடத்தவில்லையா? அதை மறைத்துக் 'கல்யாணம் ஆகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது மோசடி, பிடிபட்டால் அவளுக்கு ஆயுளுக்கும் கதவு அடைபடும். பிடிபடாமல் இருக்க நம் ஊர் என்ன அப்படிப்பட்ட ஊரா? மதுரைப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் மண்டபத்து வாசலில் நாற்பது தலை போட்ட பிளெக்ஸ், மொய் நோட்டு, வீடியோ, மறுநாள் முகநூல். ஆகாத சொந்தம் ஒன்று மொட்டைக் கடிதம் போட்டால் போதும், தூதரகங்களுக்கு அது வராமல் இல்லை. விசா விண்ணப்பத்தில் கடந்த 5 வருட சமூக வலைத்தளக் கணக்குகளையும் கேட்கிறார்கள்.

நிச்சயதார்த்தம் வேறு. பூ வைத்து, தாம்பூலம் மாற்றிக்கொண்டு பேசி வைப்பது கல்யாணம் ஆகாது, அதற்குத் தடை கிடையாது. கேட்டால் உள்ளதைச் சொல்லலாம்.

ஆகவே மாப்பிள்ளை வீட்டோடு நேராகப் பேசுங்கள், ஏஜெண்டை வைத்து இல்லை, பெரியவர்களை வைத்து. 2027 பிப்ரவரிக்குள் தெரிந்துவிடும், அதுவரை பொறுப்பீர்களா என்று கேளுங்கள். தேதி வராமல் போனால் ஒரு மாதத் தாமதத்தோடு மாசியிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. தேதி வந்துவிட்டால்தான் கஷ்டமான பேச்சு. அவள் அங்கே போய்க் கிரீன்கார்டோடு திரும்பி வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு கணவருக்கு மனுப் போடலாம், எஃப்2ஏ என்ற பிரிவு, உங்களுடையது மாதிரி இருபது வருடம் ஆகாது, ஆனாலும் சில வருடம் ஆகும். அந்தச் சில வருடம் அவர் விருதுநகரிலும் இவள் நியூஜெர்சியிலுமாக இருக்க வேண்டிவரும். கிரீன்கார்டு வாங்கியவர் மாதக்கணக்கில் இங்கேயே தங்கவும் முடியாது. ஆறு மாதம் தாண்டினாலே திரும்பிப் போகும்போது கேள்வி வரும். கல்யாணம் முக்கியம், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அவள் முடிவெடுத்தால் இந்தக் கேஸில் அவள் பெயர் போய்விடும். அப்புறம் நீங்கள் அங்கே குடியுரிமை வாங்கி, மணமான மகளுக்கென்று புதிதாக மனுப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஒரு நீண்ட வரிசை. இந்தப் பழைய 2007 தேதியை அதற்குக் கொண்டுபோகவும் முடியாது, 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை முடித்துவைத்துவிட்டது.

இதில் எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அண்ணன், வீட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டார், ஏஜெண்ட் எல்லாரும் இருக்கிறார்கள். மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. 23 வயதுப் பொறியாளர், அவளை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்தது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன 2016 விசிட்டர் விசா. உங்கள் கேஸில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பிறப்புச் சான்றிதழ் இல்லை, இதுதான். மறுத்தது பெரிய விஷயமில்லை, தினமும் நூறு பேருக்கு மறுக்கிறார்கள். ஆனால் அந்த விசாவுக்குப் போடும் டி.எஸ்-160 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா? அன்றைக்கு அதைப் பூர்த்தி செய்தது நீங்களா, டிராவல்ஸ்காரரா? நம் பக்கத்து டிராவல்ஸ்காரர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று தட்டிவிடுவார்கள், 'ஆமாம் என்றால் விசா தர மாட்டான்' என்பது அவர்கள் ஞானம். உங்கள் மனு 2007-லிருந்து அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. தெரிந்தே பொய் சொல்லி விசா கேட்டதாக அதிகாரி முடிவெடுத்தால் நிரந்தரத் தடை. மன்னிப்பு விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன்கார்டு உள்ளவராகவோ கணவர் அல்லது பெற்றோர் இருந்து, அவர்கள் படும் கஷ்டத்தைக் காட்ட வேண்டும். அண்ணன் அந்தக் கணக்கில் வர மாட்டார். கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் அட்டர்னி வேண்டும் என்றேன். பழைய மின்னஞ்சலில் அந்தப் படிவத்தின் நகலைத் தேடுங்கள், டிராவல்ஸில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் யார் பூர்த்தி செய்தார், உங்களிடம் அந்தக் கேள்வியை வாசித்துக் காட்டினாரா என்பதை நினைவில் உள்ளபடி ஒரு தாளில் எழுதி வையுங்கள். நேர்காணலுக்கு முன்பே அட்டர்னியிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். இப்போது குடியேற்ற விசாவுக்குப் போடப்போகும் டி.எஸ்-260 படிவத்தில் 2016 மறுப்பை மறைக்காமல் எழுதுங்கள். ஏஜெண்ட் 'அதெல்லாம் பழைய கதை, விட்டுவிடலாம்' என்பார். விடாதீர்கள். ஒரு பொய் இருந்தால் விளக்கம் சொல்லிப் பார்க்கலாம், இரண்டானால் விளக்கத்துக்கே இடமிருக்காது.

இனி காகிதம்.

இந்தக் கேஸில் முதன்மை விண்ணப்பதாரர் நீங்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உங்கள் வழியாக வருகிறவர்கள். நம் வீடுகளில் எந்தப் படிவமானாலும் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரையே முதலில் எழுதிப் பழக்கம், போன வருடம் ஒரு குடும்பத்துக்கு அப்படியே கணவர் பேரில் கோப்பைத் தயார் பண்ணிக் கொண்டுவந்தார்கள், மனைவியின் பிறப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை! இதில் நிரூபிக்க வேண்டியதே நீங்களும் உங்கள் அண்ணனும் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பதைத்தான்.

இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்து 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கப்புறம் பிறந்தவர் என்பதால் உங்களிடம் பதிவை எதிர்பார்ப்பார்கள். வீட்டில் பிறந்ததால் பதிவே இல்லை என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அந்தக் காலத்தில் தலையாரி வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கலாம், அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். உசிலம்பட்டி தாலுகா அலுவலகத்திலும், உங்கள் கிராமத்துக்கான சார்பதிவாளர் அலுவலகத்திலும் 1976-க்கும் முன்பின் ஓரிரு வருடங்களுக்கும் தேடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தேடும்போது உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. அப்போதெல்லாம் பெயர் வைக்கும் முன்பே பதிவாகிவிடும், 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிடைத்தால் ஒரு சிக்கல் வரலாம், இப்போதே சொல்லிவைக்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதி பள்ளிக்கூடச் சான்றிதழிலிருந்து வந்ததாக இருக்கும். பள்ளிக்கூடத் தேதி எங்கிருந்து வந்தது? முதல் நாள் கூட்டிக்கொண்டு போனபோது ஹெட்மாஸ்டர் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலாகக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அஞ்சு வயது ஆக வேண்டுமே என்று ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டிருப்பார். உங்கள் தலைமுறையில் இந்தப் பக்கத்து ஆட்களில் எத்தனை பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் வேறு தேதி இருந்தால் அதை மறைத்துவிட்டுப் 'பதிவு இல்லை' என்று சான்று வாங்காதீர்கள். அண்ணன் 2007-ல் மனுவோடு எந்தத் தேதியைக் கொடுத்தார் என்று முதலில் பாருங்கள், அப்புறம் எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்று முடிவு செய்யலாம். அதனால்தான் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது, அந்தப் பழைய மனுவின் முழு நகலை அண்ணனிடமிருந்து வாங்குங்கள் என்பது. அதில் எழுதியிருப்பதோடு இன்றைய காகிதம் ஒவ்வொன்றும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாத இடத்துக்குக் காரணம் இருக்க வேண்டும்.

பதிவு இல்லை என்றால் அதற்கான 'பதிவு இல்லை' சான்று வாங்குங்கள். அதோடு உங்கள் பிறப்பை நேரில் அறிந்த, உங்களைவிட மூத்த உறவினர் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், பள்ளி டிசி அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துத் தாமதப் பதிவாக இப்போது சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது, வாங்கினால் நல்லதுதான். ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் பதிவான சான்றிதழை அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார், ஆகவே அது வந்துவிட்டது என்று பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். 'ரெடிமேடா' சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் வாசலையே மிதிக்க வேண்டாம், தூதரகம் எழுதிக் கேட்டுச் சரிபார்க்கும்.

உடன்பிறப்பு என்று காட்ட நம் ஊரில் ஒரு நல்ல காகிதம் இருக்கிறது, பலபேருக்குத் தோன்றுவதில்லை. அப்பா காலமாகியிருந்தால், அப்போது தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ். நிலத்துக்கோ பென்ஷனுக்கோ வாங்கியிருப்பீர்கள், பீரோவில் கிடக்கும். அதில் அண்ணன் பெயரும் உங்கள் பெயரும் ஒரே தாளில் மகன், மகள் என்று அரசாங்க முத்திரையோடு இருக்கும். பழைய ரேஷன் கார்டு, இரண்டு பேரின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர், அண்ணன் கல்யாணப் பத்திரிகை, நீங்கள் சிறுபிள்ளையாக அவரோடு நிற்கும் போட்டோ, இதெல்லாம் துணைக்கு.

பெயர்களைப் பாருங்கள். ஒரு இடத்தில் லெட்சுமி, இன்னொரு இடத்தில் லக்ஷ்மி, ஒன்றில் அப்பா பெயர் இன்ஷியலாக, இன்னொன்றில் கணவர் பெயர். இதற்காக ஒரேயடியாக எல்லாவற்றையும் கெஜட்டில் மாற்றக் கிளம்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் போட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும், அந்தப் பெயரையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழி போட்டால் பெரும்பாலும் போதும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று வரும். 'முன்பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அங்கே போய் லைசென்ஸ், வங்கி எல்லாவற்றிலும் அதே பெயரில் கூப்பிடுவார்கள், சிரிப்பாக இருக்கும், பத்து வருடம் கழித்து இருக்காது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் இப்போதே நாலு பேருக்கும் இரண்டு கட்டமும் நிரம்பும்படி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பதிவு சுலபம். சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பழைய கல்யாணத்தையும் பதியலாம். கோயில் ரசீது, பத்திரிகை, போட்டோ, சாட்சிகள். திருப்பரங்குன்றத்தில் கட்டின தாலி, ரசீது இல்லாவிட்டால் கோயிலிலேயே கேட்டுப் பாருங்கள். இந்த மாதமே முடித்துவிடுங்கள், நாளைக்கு அவசரத்தில் செய்தால் தேதியில் தப்பு விழும்.

போலீஸ் சான்று, அதாவது பிசிசி, இப்போது வாங்காதீர்கள். 500 ரூபாய் கட்டணம், பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பித்து மதுரையிலேயே வாங்கலாம், ஆனால் அதற்கு ஆயுள் இரண்டு வருடம்தான். கேட்கும்போது வாங்கினால் போதும். 16 வயது ஆன எல்லாருக்கும் வேண்டும், மகனுக்கும் சேர்த்து. வீட்டுக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் இருந்த நாட்டிலிருந்தும் கேட்பார்கள், அதனால் சிங்கப்பூர் போலீஸிடமிருந்தும் அவருக்கு வேண்டும், கைரேகை எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். அவருடைய பழைய பாஸ்போர்ட்டையும் வேலை பெர்மிட்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

ஸ்பான்சர் பக்கம் அண்ணனுடைய வேலை. ஐ-864 என்று ஒரு உறுதிப் பத்திரம், வருமானம் இவ்வளவு இருக்கிறது, இவர்கள் அரசாங்கத்துக்குப் பாரமாக மாட்டார்கள் என்று. அவர் வீட்டில் மூன்று பேர் என்றால் உங்கள் நாலு பேரையும் சேர்த்து ஏழு, 2025 அளவுகோலில் ஏழு பேருக்கு வருட வருமானம் ஏறத்தாழ 60,800 டாலர் காட்ட வேண்டும். அண்ணன் ரிட்டயர் ஆகும் வயது என்றால் இதை இப்போதே பேசுங்கள், கூட்டு ஸ்பான்சர் ஒருவர் தேவைப்படலாம், இது சும்மா கையெழுத்து இல்லை, சட்டப்படி பல வருடம் கட்டுப்படுத்துவது, அண்ணியிடமும் கலந்து பேசாமல் போட்டால் அங்கே குடும்பத்தில் மனக்கசப்பு வரும். ஏஜெண்ட் உங்கள் கடைக்கும் நிலத்துக்கும் ஆடிட்டரிடம் மதிப்பீட்டுச் சான்று வாங்கச் சொல்லியிருந்தால், அது மாணவர் விசாவுக்குச் செய்கிற வேலை, அண்ணன் வருமானம் போதுமானால் இங்கே தேவைப்படாது. இதற்காக எதையும் விற்க வேண்டியதில்லை.

ஆறு லட்சத்துக்கு வருகிறேன். அரசுக் கட்டணம் தலைக்கு 325 டாலர், ஸ்பான்சர் பத்திரத்துக்குக் கேஸுக்கு 120, விசா வந்தபின் தலைக்கு 235. நாலு பேருக்கும் கூட்டினால் 2,360 டாலர். மருத்துவப் பரிசோதனை தனி, அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும்தான், சென்னையில் இருக்கிறார்கள். முதல் இரண்டு கட்டணத்தையும் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும், ஆக அதை அண்ணன்தான் கட்டப்போகிறார். 'எம்பசி ஃபீஸ்' என்று இங்கே ரொக்கமாகக் கேட்கிறவர் அதை எங்கே கட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். நோட்டரி, மொழிபெயர்ப்பு, மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும் நேர்காணலுக்குப் போய்வரும் செலவு எல்லாம் உங்களுடையது. தமிழில் மட்டும் இருக்கும் காகிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், சரியாகப் பெயர்த்தேன் என்று பெயர்த்தவர் எழுதிய சான்றும் வேண்டும். அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் வைக்கும் முத்திரை, தேவையே இல்லை, அதற்குத் தனியாகப் பில் போட்டால் கிழித்துப் போடுங்கள்.

அண்ணன் 2007-க்குப் பிறகு வீடு மாறியிருப்பார், மின்னஞ்சல் மாறியிருக்கும். நேர்காணல் வரைக்கும் கோப்பைக் கையாளும் அமெரிக்க அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்கு எழுதிப் புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள். கேஸ் எண் பெரும்பாலும் பி.எம்.பி. என்று தொடங்கும், மும்பைக்கான குறி. அழைப்பு பழைய முகவரிக்குப் போய், ஒரு வருடம் யாரும் பதில் சொல்லாமல் கிடந்தால் கேஸையே மூடிவிடலாம், இருபது வருடம் காத்திருந்து இப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கடையைப் பற்றி வீட்டுக்காரருக்குக் கவலை இருக்கும், கடிதத்தில் சொல்லவில்லை என்றாலும். நாலு பேரும் ஒரே விமானத்தில் போக வேண்டியதில்லை. நீங்கள் முதலில் போக வேண்டும், அவர் கடையை நிதானமாக முடித்துவிட்டுப் பின்னால் வந்து சேரலாம், மனைவி கணவனுக்கு இதில் வயதுச் சிக்கல் கிடையாது. மகன் உங்களோடு வருவது நல்லது, பிளஸ் டூ எப்படியும் அதற்குள் முடிந்திருக்கும். ஐம்பது வயதில் அங்கே போய் என்ன வேலை, என்ன குளிர் என்பதையெல்லாம் அண்ணியிடம் கேளுங்கள், அண்ணனிடம் கேட்டால் "வா, பார்த்துக்கலாம்" என்பார்.

கடைசியாக, உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா? கடிதத்தில் இல்லை. இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இந்த வாரமே அவரிடம் போங்கள். உங்கள் பிறப்பைப் பற்றிப் பெற்ற தாய் கொடுக்கும் பத்திரத்துக்கு ஈடான சாட்சி வேறு கிடையாது. எந்த ஊர், எந்த வீடு, அப்பா பெயர், அண்ணனுக்கு நீங்கள் எத்தனை வயது இளையவர், பிரசவம் பார்த்தது யார் என்று அவர் சொல்கிறபடி தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு என்றால் இரண்டு சாட்சியோடு, நோட்டரியை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள். மூன்று பிரதி எடுங்கள், வயதானவர்களின் ரேகை ஒரு தாளில் தெளிவாக விழுந்தால் இன்னொன்றில் விழாது.

ஒருவேளை அம்மா இல்லை என்றால் அப்பாவின் தங்கை, நீங்கள் பிறந்தபோது வீட்டில் இருந்த பெரியம்மா, யாராவது மூத்தவர் ஒருவர் ஊரில் இருப்பார். அப்ரூவல் நோட்டீஸ் போட்டோவும், 2016 படிவமும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.